மழுங்காத கடைசிக் கட்டு

எங்கே கொலை நடந்தாலும், காவல் ஆய்வாளர் அம்மையார் முதலில் கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் காதால் பார்ப்பார். பிறகே கண்ணால் பார்ப்பார். கண் ஓர் அவசரக்குடுக்கை என்பது அவர் கட்சி.

மாலை நான்கு மணி. இரும்பு ஆலையின் எந்திரக் கூடத்தை ஒட்டிய அறையில் அவர் கண்திறந்தபோது, ஆலையின் ஆராய்ச்சியாளர் இரத்தத்தில் கிடந்தார். கழுத்தைச் சுற்றிலும் பற்கள் பதிந்த வெட்டு; எலும்பு தெரிந்தது. மதிய உணவு வேளையில் நடந்த கொலை என்றார் மருத்துவர். ஆயுதத்தைக் காணோம்.

இறந்தவரின் ஆராய்ச்சி எளிய உண்மையொன்றின்மேல் நின்றது. ரம்பப் பட்டை, அதாவது பல் வைத்த நீள இரும்பு நாடா, மழுங்க மழுங்க, அதே கம்பிக் கட்டை அறுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே எந்தக் கட்டுக்குப்பின் எந்திரத்தை நிறுத்திப் பட்டையை மாற்றுவது என்று கணக்கிட வேண்டும். காலையில் கடகடவென்று கொத்திய மரங்கொத்தி, மாலையில் அலகு தேய்ந்து அதே மரத்தோடு மல்லாடிய கதைதான்.

எந்திரத்தை ஓட்டியவன் அவருடைய தம்பி. ஏட்டு அவனைத் தொழிலாளர் அனைவர் முன்னிலையிலும் அறைந்து உதட்டைக் கிழித்திருந்தார்.

"காலையில அண்ணன்கூடச் சண்டை போட்டிருக்கான்மா. இப்போ புளுகுறான். சாயங்காலக் கட்டு வெண்ணெய் மாதிரி அறுந்துச்சாம்! மழுங்கின பட்டை அப்படி அறுக்குமா?"

"சத்தியமா சார்! காலையெல்லாம் கீச்சுகீச்சுன்னு கத்தின மெஷின், சாப்பிட்டு வந்தா சத்தத்தையே காணோம்."

"சண்டை எதுக்கு?" என்றார் ஆய்வாளர்.

"பட்டையில விரிசல் விட்டிருக்கு, நிறுத்துடான்னாரு. நிறுத்தினா மேற்பார்வையாளர் வேலையை விட்டுத் தூக்கிடுவாருன்னேன். அப்படின்னா சாயங்காலம் முதலாளிகிட்டயே விரிசலைக் காட்டுறேன்னாரு. போன மாசம் ஒருத்தன் விரல் போனதும் இந்த மாதிரி பட்டையாலதான்."

முதலாளியின் மைத்துனரான மேற்பார்வையாளர் சிரித்தார். எந்திரத்தைத் தொடாத அவர் கைகளில் புத்தம்புதுத் தோலுறைகள்.

"அந்த ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய், மேடம். பட்டை புதுசோ பழசோ, ஒரு கட்டுக்கு ஒரே நேரம்தான்."

"புதுப் பட்டை வெச்சிருக்கிற அலமாரிச் சாவி?"

"எங்கிட்ட மட்டும்தான். இன்னிக்குத் தொடவே இல்ல."

"மெஷினைப் போடுப்பா."

ஆய்வாளர் கண்ணை மூடினார். எந்திரம் வண்டுபோல் முரன்றது. கண்திறந்து மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"மரங்கொத்தி சாயங்காலம் வேகமா கொத்தினா, அலகு புதுசுன்னு அர்த்தம். தம்பி சொன்னது நிஜம். விரிசல் விட்டதையே ஓட்ட வெச்சது முதலாளிக்குத் தெரியாம இருக்கப் பழைய பட்டையைக் கழற்றிட்டுப் புதுசை மாட்டினீங்க. அவர் பார்த்துட்டாரு. கையில இருந்ததையே அவர் கழுத்துல சுத்தி இழுத்தீங்க. நேரம் மாறாதுன்னு நம்புற ஆளுக்கு, புதுப் பட்டை சீக்கிரம் அறுத்துக் காட்டிக்கொடுக்கும்னு எப்படித் தோணும்? உறையைக் கழற்றுங்க."

மேற்பார்வையாளர் பக்கத்துக் கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி ஓங்கினார். அது ஏட்டின் தோளெலும்பை முறித்தது. தம்பி பாய்ந்து அவரைத் தரையில் சாய்த்தான். ஓடும் ரம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி இருவரும் புரண்டனர். பிடுங்கிய உறைகளுக்குள் இரண்டு உள்ளங்கைகளும் பல்பல்லாய்க் கிழிந்திருந்தன. எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் பழைய பட்டை சுருண்டு கிடந்தது, இரத்தமும் முடியுமாக.

தொங்கிய கையோடு ஏட்டு எழுந்தார். தொழிலாளர்களை அருகே அழைத்தார்.

"உங்க எல்லார் முன்னாடியும்தான் அடிச்சேன். உங்க முன்னாடியே சொல்றேன். இவர் பேசினதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. மன்னிச்சிடுங்க தம்பி."

அவன் தலையசைத்தான். பிறகு எந்திரத்தின் அருகே சென்று, காலையில் அண்ணன் கெஞ்சியும் தொடாத பொத்தானை அழுத்தினான். ரம்பம் நின்றது.