இருபத்திரண்டு கிலோ

"மன்னிக்கணும் சார். நீங்க போகலாம். அது போக முடியாது."

லவீனியா ஆங்கிலத்தில்தான் சொன்னாள். சீருடை போட்டுவிட்டால் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு சுருள். கறுப்புச் சட்டை. இடுப்பில் துக்கத்துக்குக் கட்டுகிற நைந்துபோன பாய். தலைமுடியில் மழைத்துளிகள். அந்தக் கண்கள்... அழுது முடித்தவையா, இன்னும் அழவே ஆரம்பிக்காதவையா? அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் தடுமாறியது. சே, வேலை நேரத்தில் என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆக்லாந்து விமான நிலையத்துக்கு எண்ணெய் வருகிற குழாய் உடைந்து நான்கு நாளாகியிருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய். அமெரிக்கா போகிற பெரிய விமானங்கள் அரை டாங்க்கோடு கிளம்பி, ஃபிஜியில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. சிட்னியிலிருந்து வருகிறவை திரும்பிப் போகிற எண்ணெயையும் சேர்த்தே சுமந்து வந்தன. தீவுகளுக்குப் போகிறவற்றின் பாடுதான் திண்டாட்டம். டோங்காவுக்குத் தினம் இரண்டாகப் போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்றாகக் குறைந்துவிட்டது. எடை குறைந்தால் எண்ணெய் மிச்சம். அதனால் பெட்டி கிடையாது, கையில் ஏழு கிலோ மட்டும். ஆட்களையே தராசில் ஏற்றி எடை போட்டார்கள்.

இவனுக்கு முன்னால் நின்ற பருத்த அம்மாள் தராசில் ஏறி, "கண்ணை மூடிக்கோடி பொண்ணே, நம்பரைப் பாத்தா உன் விமானமே பயந்துடும்!" என்று சொல்லி வரிசையையே சிரிக்க வைத்திருந்தாள். இவன் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது சட்டென்று டோங்கா மொழிக்கு மாறினான். "நம்ம ஊர்ப் பொண்ணுதானே நீங்க? இங்கிலீஷ்ல சொன்னா இதோட எடை குறைஞ்சிடுமா?"

"எந்த மொழியில சொன்னாலும் இருபத்திரண்டு கிலோதாங்க."

"அப்போ என்னை விட்டுட்டு இதை ஏத்துங்க."

"நீங்க இல்லாம அது மட்டும் போய் என்ன பண்ணும்?"

"நான் வெறுங்கையோட போய் மட்டும் என்ன பண்றது?" குரல் உடைந்தது. "அம்மா போயிட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம். இந்தத் தாப்பாத் துணியை அவங்க கையாலதான் செஞ்சாங்க. எட்டு மாசம் மரப்பட்டையை அடிச்சு அடிச்சு... என் கல்யாணத்துக்குன்னு. அந்தப் பொண்ணு வேற ஒருத்தனோட மெல்போர்ன் போயிட்டா. அதுக்கப்புறம் மூணு வருஷமா இது என் கட்டில் அடியிலதான் கிடக்குது. இதையாவது அவங்களுக்குக் கீழ விரிக்க வேண்டாமா?"

லவீனியாவுக்குத் தெரியாதா? பெற்றவளின் சாவுக்கு வெறுங்கையோடு போய் நிற்பதைவிட அவமானம் அவர்கள் தீவில் உண்டா?

"மத்தவங்க முன்னாடி தலை குனிஞ்சு நிக்க மாட்டேன்," என்றான் அவன். "நாளைக் காலை விமானத்துல இதை ஏத்துவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு என் சீட்டை யாருக்காவது குடுத்துடுங்க."

மேசையில் ஒரு தாள் கிடந்தது. காலையில்தான் வந்தது. நாளைய டோங்கா விமானம் பெரும்பாலும் ரத்து, யாருக்கும் உறுதி சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், "முடியாது சார்" என்று அரை நொடியில் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில், துக்கத்தில் நிற்பவன் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லும் பழக்கமே கிடையாது. மனசு குளிர எதையாவது சொல்லி அனுப்புவதுதான் மரியாதை. அந்தப் பாழாய்ப்போன மரியாதை அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்கு... ஏத்திடலாங்க," என்றாள்.

அவன் கண்களில் அப்படி ஒரு வெளிச்சம்! அன்றைய விமானம் அவன் இல்லாமலே கிளம்பியது.

சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அவன் கண்ணாடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் அப்படியே கடந்து போக முடியவில்லை. கறி அடைத்த ஒரு ரொட்டியும் டீயும் வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

"வேண்டாங்க. காலையிலயே தராசு நூத்திப் பத்து காட்டுச்சு. இதையும் தின்னா நாளைக்கு என்னை இறக்கிவிட்டுட்டு தாப்பாவை மட்டும் ஏத்துவீங்க."

"நீங்க கேட்டதும் அதானே!"

முதல் தடவையாக அவன் சிரித்தான். பெயர் செமிசி என்றான். கட்டட வேலையாம். அம்மா கோபக்காரியாம், ஆனால் போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி "சாப்பிட்டியா" தானாம். சொல்லிக்கொண்டே ரொட்டியைப் பாதி பிய்த்து அவளிடம் கொடுத்தான். விரல்கள் பட்டன... இரண்டு பேருமே மழையைப் பார்த்தார்கள்.

இப்போதே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது அவள் மனம். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு அறிவிப்பு வந்தது. இருந்த எண்ணெயை முந்நூறு பேர் போகிற பெரிய விமானத்துக்குக் கொடுத்துவிட்டது கம்பெனி. டோங்கா விமானம் ரத்து. அடுத்தது சனிக்கிழமைதான்.

செமிசி சுருளைத் தோளில் வைத்தபடி அவள் முன்னால் வந்து நின்றான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்," என்றான். "உங்க தப்பு இல்லையே."

அந்த வார்த்தை அவளைக் கொன்றே போட்டது.

இரண்டு மணிக்கு அதே கண்ணாடிச் சுவர் ஓரத்தில், சுருளின் மேல் உட்கார்ந்து, கையகல போனில் அவன் தன் அம்மாவின் அடக்கத்தைப் பார்த்தான். பாட்டுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. திரும்ப வந்தபோது மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு குழந்தைபோல அழுதான். பக்கத்தில் நின்ற லவீனியா அவன் தோளைத் தொடக் கை நீட்டினாள். பொய் சொன்ன ஆள் எந்த முகத்தோடு தொடுவது? கையை இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவன் கிளம்பும்போதும் ஏழு கிலோதான் அனுமதி. கடைசியில் வெறுங்கையோடுதான் போனான்.

"இதை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். எண்ணெய் வந்ததும் அனுப்பி வைங்க," என்றான். "உங்களை நம்புறேன் லவீனியா."

அடுத்த வாரம் குழாய் சரியானது. சரக்கில் போட்டுவிட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அவள் வேலை முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை. லீவு போட்டுக்கொண்டு, தாப்பாவோடு தானே விமானம் ஏறினாள்.

அன்றைக்கு அடக்கமாகிப் பத்தாம் நாள். இடுகாட்டில் பெண்கள் கறுப்புக் கூழாங்கற்களுக்கு எண்ணெய் பூசி, மணல்மேட்டின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய மழை. சுருளைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்தவளைப் பார்த்ததும் செமிசி ஓடி வந்தான்.

"நீங்களே வந்துட்டீங்களா!"

"தொடாதீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க." மூச்சு வாங்கியது. "அன்னைக்கே எனக்குத் தெரியும். மறுநாள் விமானம் போகாதுன்னு தாள் வந்திருந்துச்சு. உங்க முகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்ல வரல. பொய் சொன்னேன். சாயங்காலம் நீங்க சிரிச்சப்பவாவது சொல்லியிருக்கணும்... அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு சொல்லல. அப்பவே உங்களைப் பிடிச்சுப் போச்சு எனக்கு. இதையும் சொல்லிடறேன், இனிமே எதையும் மறைக்க என்னால முடியாது."

அவன் திரும்பி மணல்மேட்டைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா போயிருப்பேன்," என்றான் கடைசியில். "இதை வீசிட்டாவது போயிருப்பேன். அம்மா முகத்தைப் பாத்திருப்பேன்."

"தெரியும்," என்று விம்மினாள். சுருளை அவன் காலடியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"நில்லுங்க."

நின்றாள்.

"ஒரு முனையைப் பிடிங்க. தனியா விரிக்க முடியாது."

இருவரும் பிடித்து விரித்தார்கள். பழுப்பும் கறுப்புமாக அம்மாவின் எட்டு மாதம் மழையில் விரிந்தது. மணல்மேட்டைப் போல இரண்டு மடங்கு நீளம். அவன் கத்தி வாங்கி, நட்ட நடுவில் அறுத்தான். ஒரு பாதியைக் கற்களின் மேல் போர்த்தி, ஓரங்களைத் தடவித் தடவிச் சரி செய்தான். மறுபாதியைச் சுருட்டி எடுத்து வந்து அவள் கைகளில் வைத்தான்.

"கோபம் போகல," என்றான். கண்களில் நீர் நின்றது. "எப்போ போகும்னும் தெரியல. ஆனா பத்து நாளா அம்மாவை நினைச்சு அழும்போதெல்லாம் பக்கத்துல நீங்க நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அம்மா இதை எதுக்குச் செஞ்சாங்களோ, அதுக்கு ஒரு நாள் வரும். அன்னைக்கு நீங்கதான் எடுத்துட்டு வரணும். மனசு நோகுமேன்னு பாக்காதீங்க லவீனியா. உண்மையைச் சொல்லுங்க, வருவீங்களா?"

பதினோரு கிலோவை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வருவேன்," என்றாள்.