தேரி மேட்டுச் சிப்பிப் பாதை

கடற்கரையை விட்டு அவ்வளவு தூரம் உள்ளே, செம்மணலும் பனையுமன்றி வேறொன்றும் கண்ணில் படாத அந்தத் தேரி மேட்டின் பின்புறத்தில், அழுகின சிப்பியின் நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று அமலோற்பவத்துக்கு விளங்கவில்லை. தண்ணீர்ப் பானைகளின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள். மூடிக் கிடந்த அறையில் எலி செத்தது போலவும், அதன்மேல் யாரோ இளநீரைத் தெளித்தது போலவும், குமட்டலுக்குள்ளே ஓர் இனிப்பு. அந்த இனிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

சிறு பெண்ணாயிருந்தபோது, முத்துக்குளிப்பு நடந்த கடைசிச் சிலாபத்தில், அவள் சிப்பி கழுவும் கூலிக்குப் போயிருக்கிறாள். குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, அவை வெயிலில் அழுகித் தாமாகவே வாய் பிளக்கும்வரை விட்டுவைப்பார்கள். பிறகு பழைய வள்ளமொன்றில் கொட்டிக் கடல்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். கஞ்சியாய்க் குழைந்த அந்தச் சதைக்குள் முழங்கை வரை கையை விட்டு, விரல் நுனியால் முத்தைத் தடவித் தேட வேண்டும். வெள்ளைப் புழுக்கள் மணிக்கட்டைச் சுற்றி மிதக்கும். அந்த வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகளாகியும் அவள் பழங்கஞ்சியைத் தொட்டதில்லை. அடுத்தவர் சோற்றைக் குழையப் பிசைவதைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

மேட்டின்மேல் ஏறி இறங்கும் பாதையிலும் சிப்பிதான் பரப்பியிருந்தது. போன ஆண்டுச் சைக்கிள் பந்தயத்தில் டயர்கள் மணலில் புதைந்து பாதிப் பேருக்குமேல் காலூன்றித் தோற்றுவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டு, ஆறுமுகநேரியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஏசுவடியான், பந்தயம் நடத்தும் வாலிபர் மன்றத்துச் செயலாளர் என்ற முறையில் ஒரு யோசனை செய்தான். சிலாபம் நின்றுபோன கரையில் கேட்பாரற்றுக் கிடந்த சிப்பிக் குவியலை வண்டி வண்டியாய் ஏற்றி வந்து, செம்மணலோடு சேர்த்து இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டான்.

பாதையைப் பார்வையிட வந்தவனிடம் அமலோற்பவம் கேட்டாள்.

"தம்பி, இது காஞ்ச சிப்பிதான? நாத்தம் எப்படி வருது?"

"நாத்தமா? எனக்கொண்ணும் தெரியலியேக்கா. எனக்கு எப்பவும் சளி."

"எங்கன எடுத்தீய?"

"மேல கெடந்ததெல்லாம் பொடிஞ்சுபோச்சு. அதான் அடியத் தோண்டினோம். அடியில ஒரு குழி. அதுக்குள்ள உள்ளது வாயே தொறக்காம அப்படியே கெடந்துச்சுக்கா, நேத்து எடுத்தது கணக்கா. உலக்கையால இடிச்சோம்."

எவ்வளவு வெயிலில் கிடந்தாலும் வாய் திறவாத சிப்பியைச் சிலாபத்தில் யாரும் உடைக்க மாட்டார்கள். குவியலின் அடியில் குழி தோண்டி, குப்புறப் போட்டு மூடிவிடுவார்கள். ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு மேஸ்திரி கன்னத்தில் அறைந்தான். சொன்னால் இந்தப் பிள்ளை சிரிப்பான். அவள் பானைகளின் பக்கம் திரும்பினாள்.

அவளுக்கு அன்று வேறு கவலை இருந்தது. அவள் கணவன் வில்பிரட், புதுத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா, டைபாய்டில் கிடந்து எழுந்து சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. தாகத்தோடு வெயிலில் அலைந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனால் போன ஆண்டு ஏற்றத்தில் காலூன்றியதற்காகத் துறைமுகத்தில் அவனை 'நொண்டி' என்றே கூப்பிட்டார்கள். சுற்றுக்கொரு தரம் தண்ணீர் குடிப்பதாக மாதா படத்தின் முன்னே சத்தியம் செய்த பிறகே, இந்த ஆண்டும் அவன் ஓட்ட அவள் சம்மதித்தாள். அதை மேற்பார்க்கவே, மேட்டின் பின்புறத்துத் தண்ணீர்ப் பந்தலைத் தானே ஏற்றுக்கொண்டாள். கூட்டமும் ஒலிபெருக்கியும் முன்புறத்துச் சாலையோரம் இருந்தன. இங்கே அவளும் பானைகளும் அந்தப் பாதையுமே.

ஞாயிறு பூசை முடிந்து, வெயில் ஏறியபின் பந்தயம் தொடங்கிற்று. ஓட்டுகிறவன் கால் தரையில் படலாகாது. பிறர் கை அவன் சைக்கிளில் படலாகாது. கடைசிவரை ஓட்டுகிறவனே வென்றவன். முதற்சுற்றில் வில்பிரட் மேட்டின்மேல் தோன்றி, சிப்பி நொறுங்கும் ஓசையோடு சறுக்கி இறங்கினான்.

"ஏளா, செம்பத் தூக்கிட்டுக் கூடவே ஓடி வா! நான் எறங்க முடியாதுல்லா!"

அவள் ஓடிக்கொண்டே கொடுத்தாள். அவன் மடமடவென்று குடித்தான். பின்னால் வந்த இனிகோ, அவனோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவன், உரக்கக் கத்தினான்.

"மாப்ள, சங்குல ஊத்திக் குடுக்கச் சொல்லுலே! பச்சப்புள்ளைக்குப் பொரையேறிரப் போவுது!"

"போலே, பொறாமை புடிச்சவனே!"

அவளும் சிரித்தாள். செம்பைத் திரும்ப வாங்கியபோது அதன் விளிம்பில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. துடைத்தாள். அது துகளாய் உதிராமல் பசையாய் இழுபட்டது.

அடுத்த சுற்றில் அவன் இரண்டு மிடறுதான் குடித்தான்.

"தூசி, ஏளா. வாயெல்லாம் தூசி" என்று சொல்லித் துப்பினான். துப்பியது அறுந்து விழவில்லை; உதட்டிலிருந்து நூலாக நீண்டு, கைப்பிடிமேல் படிந்து, வெயிலில் மினுமினுத்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தன் கணவனைப் பார்த்தா மூக்கை மூடினோம் என்று வெட்கப்பட்டு, உடனே விலக்கினாள்.

அதற்கடுத்த சுற்றில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. அவள் செம்போடு கூடவே ஓடினாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். உதடுகள் சேருமிடத்தில் வெண்மையாய் ஒரு கோடு ஓடியது.

"சத்தியம் பண்ணினீங்களே! ஒரு மொடக்காவது குடிங்க!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இனிகோவும் பார்க்கவில்லை. அவன் வாயும் மூடியிருந்தது.

பிற்பகலில் ராமர் அண்ணாச்சி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். காளை சிப்பிப் பாதையை மிதிக்க மறுத்து, மூக்கணாங்கயிறு இறுகியும் பின்னுக்கே போயிற்று. அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது! பொணம் எதுவும் கெடக்கா இங்கன?"

"அண்ணாச்சி, பந்தயத்த நிப்பாட்டச் சொல்லுங்க. அவுக தண்ணி குடிக்க மாட்டேங்காக. ஒருத்தருமே குடிக்க மாட்டேங்காக."

"சொல்லுதேன். இந்தா போயி சொல்லுதேன். நீயும் வண்டியில ஏறு."

"அவுகள விட்டுட்டா?"

அண்ணாச்சி வண்டியைத் திருப்பினார். சற்று நேரத்தில் முன்புறத்து ஒலிபெருக்கியில் ஏசுவடியான் ஏதோ அறிவிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி இருமினான். பிறகு பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

சைக்கிள்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

ஈக்கள் வந்தன. பந்தலில் உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகளில் ஒன்றுகூட உட்காரவில்லை. ஓட்டுகிறவர்களின் வாயோரத்தில் வரிசையாய் உட்கார்ந்தன. அவர்கள் விரட்டவில்லை. அவர்களுடைய மூக்குத் துவாரங்களிலும் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. பாலாடை போன்ற அந்த ஏட்டில் நீலமும் சிவப்பும் மாறிமாறி மின்னின. மூச்சு வாங்கும் ஓசை இல்லை. ஏற்றத்தில் மிதித்து வருகிற மனிதர்களிடம் மூச்சோசையே இல்லை. அந்த இனிப்பு நாற்றம் இப்போது அவள் நாக்கில் படிந்து ருசித்தது. பனையடியில் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவக் குவித்த கையில் தண்ணீர் கொழகொழத்தது. உதறிவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. செம்மணல் கறுத்தது. அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டாள். சைக்கிளைத் தொட்டுவிட்டால் அவன் தோற்றுப்போவான். ஆயுள் முழுக்க அவளை மன்னிக்க மாட்டான். மன்னிக்காமல் உயிரோடு இருக்கட்டும். அவள் பாதையின் நடுவில் போய் நின்றாள்.

காலடியில் சிப்பி குத்தவில்லை. மெத்தென்று அமுங்கியது. ஈரமாய். நாக்கை மிதித்தாற்போல்.

வில்பிரட் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். அவள்மேல் மோதவில்லை, ஒரு முழம் தள்ளி நின்றான்.

காலை ஊன்றவில்லை.

இரண்டு பாதங்களும் மிதிகட்டையின்மேல் இருந்தன. சைக்கிள் சாயாமல் நின்றது.

"ஏங்க. நான்தான்."

விளக்கைத் தூக்கினாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"பந்தயம் முடிஞ்சுது. நீங்கதான் செயிச்சீக. வாயத் தொறங்க. ஒரே ஒரு மொடக்கு."

செம்பை உதட்டில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் வழிந்தது. அவன் கன்னத்தைப் பிடித்தாள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த முகம் சில்லென்று, வழுவழுவென்று இருந்தது. நகத்தால் அந்த வெள்ளைக் கோட்டை நிமிண்டினாள். பெயர்ந்தது. இன்னும் நிமிண்டினாள்.

வாய் திறந்தது.

உதடு மட்டுமன்று. தாடை இறங்கியது. இறங்கிக்கொண்டே போயிற்று. காது வரை பிளந்து, மார்பின்மேல் தொங்கியது. வெப்பமான நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. பளபளக்கும் வெண்சுவர். அதற்குள் சாம்பல் நிறக் கூழ். கூழெங்கும் புழு.

அவள் ஓடவில்லை. இவ்வளவுக்கும் உள்ளே எங்கேனும் அவன் இருப்பான். இருந்தாக வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள்.

மணிக்கட்டு. முன்கை. முழங்கை. புழுக்கள் தோலைச் சுற்றிக்கொண்டன. விரல் நுனிகள் பழைய பழக்கத்தில் தாமாகவே தடவித் தேடின. கூழ். கூழ். மேலும் கூழ்.

ஏதோ தட்டுப்பட்டது.

அது அவள் விரலைப் பற்றிக்கொண்டது. ஒரு கை. மனிதக் கை, வெதுவெதுப்பாய். அதன் விரலொன்றில் அவள் போட்ட கல்யாண மோதிரம் இருந்தது.

"ஏங்க!" என்று கதறிக்கொண்டு இழுத்தாள். அது வெளியே வரவில்லை. பிடியை விடவுமில்லை. அவளைத்தான் உள்ளே இழுத்தது, மெதுவாக.

பின்னால் சிப்பி நெரிந்தது. இனிகோவின் சைக்கிள் வந்து நின்றது. அதன்பின் இன்னொன்று. அதன்பின் மற்றவை. ஒருவனும் காலூன்றவில்லை. எல்லார் தலையும் அவள் பக்கமாய்ச் சாய்ந்தன. தாடைகள் ஒவ்வொன்றாய் இறங்கின.

அரிக்கேன் வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். ஒவ்வொரு வாய்க்குள்ளும், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து விரல் நுனிகள் மேலெழும்பி அசைந்துகொண்டிருந்தன.