கடிவாளம் தளர்ந்த நொதி

வடிதாள் இரண்டும் பிரிய மாட்டோம் என்றன. நகத்தால் கீறிப் பார்த்தாள், விளிம்பே தட்டுப்படவில்லை. காலையில் இரண்டு தாளாக இருந்தது, அவள் குழாயின் நொதி பட்டு இப்போது ஒரே தடித்த அட்டை. ஆய்வகம் முழுக்கக் கொதித்து ஆறிய பாகின் வாசனை, குளிர்பெட்டியின் முனகல், அதற்கு நடுவே பக்கத்து அறையில் குழாய்த் தண்ணீர் யாரும் நிறுத்தாமல் ஓடும் சத்தம்.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. பாக்டீரியாவிலிருந்து எடுத்த அந்த நொதி, சர்க்கரையோடு சர்க்கரையைக் கண்ட இடத்தில் தைத்துத் தள்ளும் முரடு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தைக்க அதைப் பழக்குவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. துறைத்தலைவருக்கு அது போதவில்லை. வேகம் வேண்டுமாம், கடிவாளத்தைத் தளர்த்த வேண்டுமாம். முடியாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தாள். தாளும் பருத்தியும் சர்க்கரைச் சங்கிலிதான். மனிதச் செல்லின் மேற்புறம் முழுக்கவும் சர்க்கரைதான். தளர்த்தினால் அது எதை விட்டுவைக்கும்?

துறைத்தலைவரைப் போனில் பிடித்தாள். "சார், என் குழாயில என்ன வெச்சிருக்கீங்க?"

"கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன், சின்ன மாத்தம்தாம்மா. உங்க பேர் ஒட்டின குழாய் காலியா இருந்துச்சு, அதுலயே ஊத்திட்டேன். இதுக்குப் போய் ஏன் குதிக்கிறீங்க?"

"அறிவிருக்கா உங்களுக்கு? இன்னிக்கு அதை எடுத்தது என் தங்கச்சி!"

தங்கையும் அங்கேதான் வேலை. அக்கா பெயர் ஒட்டிய குழாய் என்றால் கையுறைகூடப் போடமாட்டாள், அத்தனை நம்பிக்கை. பாவி மனுஷன், அந்தப் பெயருக்குப் பின்னால் அதைக் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறான்.

தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்து அறைக்கு ஓடினாள். கழுவுதொட்டிமுன் தங்கை முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏண்டி, கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டியா?" பயத்திலும் கோபம்தான் முதலில் வந்தது.

தங்கை திரும்பினாள்.

வலது கையில் விரல்கள் இல்லை. இருந்தன. ஒன்றாக. அந்தக் கையால் வாயைத் துடைத்திருக்கிறாள். மூக்குக்குக் கீழே வழவழவென்று தோல். கோடுகூட இல்லை. கன்னங்கள் மட்டும் உப்பி உப்பி அடங்கின. உள்ளே கத்துகிறாள்.

"ஐயோ, என் கண்ணே!"

பாய்ந்து கையைப் பிடித்தாள். தங்கை தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். கையை இழுத்தாள். அக்கா விடவில்லை.

பிறகு, விடப் பார்த்தாள்.

ஈரம். இளஞ்சூடு. உள்ளங்கைகளுக்கு நடுவே இடமே இல்லை.

தரையில் விழுந்த போனில் அவர் குரல். "ஹலோ? வேகம் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

"நீ நாசமாப் போக!" தொண்டை கிழியக் கத்தினாள்.

அவள் மணிக்கட்டில் இரண்டு நாடிகள் துடித்தன. தங்கையினுடையது மெல்ல முழங்கைக்கு ஏறியது.