பக்கத்து சீட்டுப் பெடல்

மகள் இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கிளட்ச் பெடல் அடிவரை இறங்கிக் கிடந்தது.

மெக்கானிக் திறந்த கதவருகே மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சனியன். கேபிள் மாற்றியாயிற்று, ஸ்பிரிங் புதுசு, அச்சில் கிரீஸை வழிய வழிய அப்பியாயிற்று. ஊரில் பாதி வண்டி இவர் கைவைத்துத்தான் ஓடுகிறது. பெற்ற மகளின் வண்டி மட்டும் நாலைந்து நாளாக மானத்தை வாங்குகிறது. வைத்தியர் வீட்டிலேயே காய்ச்சல் நிற்கவில்லையாமே என்று எதிர்ப் பட்டறை டிங்கர் காலையிலேயே கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, தகரக் கூரையில் முதல் துளிகள் ஆணி கொட்டுகிற மாதிரி விழத் தொடங்க, பழைய ஆயிலும் சூடான ரப்பரும் கலந்த ஷெட்டின் வாடைக்கு அடியில் மெல்லிசாக ஓர் இருமல் மிட்டாய் வாசனை எழுந்தது. அது இந்தக் காரோடு வந்த வாசனை. டிரைவிங் ஸ்கூலில் வாங்கிய பழைய கார். பக்கத்து சீட்டின் முன்னாலும் மாஸ்டருக்கென்று ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும். மகளுக்குக் கை பழகும்வரை இருக்கட்டும் என்று இவர்தான் கழற்றாமல் விட்டிருந்தார். அங்கிருந்த மாஸ்டர் அந்த சீட்டிலேயேதான் மாரடைத்துப் போனாராம். அவரிடம் பழகியவர்கள் யாரும் எதிலும் மோதியதே இல்லை என்று விற்றவன் பெருமையாகச் சொன்னான்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. இன்றும் தாமதமானால் வீட்டோடு இருந்துகொள் என்று சொல்லிவிடுவார்கள்.

“நீ காலை அதுமேலயே வெச்சு ஓட்டுற. அதான்.”

“இல்லப்பா. மேட்டு முக்குல திரும்புறப்ப அதுவா உள்ள போகுது, வண்டி நின்னுடுது. நேத்து அப்படி நின்னதும் மூக்கை உரசிக்கிட்டு ஒரு லாரி போச்சு. நல்லவேளை.”

நல்லவேளையாம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிற வண்டி. இவள் உட்கார்ந்தால்தான் இந்த வியாதி.

எழுந்துபோய் பானெட்டைத் தூக்கி கேபிளைத் தொட்டார். மாட்டிக்கொண்ட பெடல் என்றால் வழக்கமாகக் கேபிள் தொய்ந்து கிடக்கும். இது விண்ணென்று நின்றது. ஒருவர் மிதித்துப் பிடித்திருந்தால் நிற்குமே, அப்படி. அவர் விரலுக்கடியிலேயே அது மெல்லத் தளர்ந்தது. பாதியில் ஒரு கணம் தங்கி, பிறகு முழுதாக விட்டது. பழகிய கால் விடுகிற விதம்.

“வந்துடுச்சுப்பா,” என்றாள் மகள் உள்ளிருந்து.

பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். மிட்டாய் வாசனை முகத்தில் அடித்தது. மாஸ்டரின் கிளட்ச் பெடலைத் தொட்டார். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நாலைந்து நாள் எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டைத் திருகத் திருக, பெடல் அவர் கையை எதிர்த்து அழுத்தியது. வலுவாக. கெஞ்சுகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் பிடுங்கி எடுத்தார்.

மகள் மிதித்துப் பார்த்தாள். வெண்ணெய். சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு மழைக்குள் போனாள்.

அப்பாடா. பெடல் இரண்டையும் அவற்றின் சட்டத்தோடு மேஜையில் வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கிவிட்டு, கைதுடைக்கப் பழைய துணியைத் தேடினார்.

கார் போய்விட்டது. மிட்டாய் வாசனை போகவில்லை.

க்ரீச்.

திரும்பினார். வைஸில் இருந்த கிளட்ச் பெடல் இறங்கியிருந்தது. ஏறியது. மறுபடி இறங்கியது. இன்னும் வேகமாக. படபடவென்று. மகள் இந்நேரம் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பாள்.

போனை எடுத்தார். ரிங் போனது. ஓட்டும்போது எடுக்கவே கூடாது என்று கண்டித்தவர் அவர்தான்.

இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தானாக அசையாத பிரேக் பெடலும் இறங்கியது.

இரண்டும் அடிவரை. மேஜை நடுங்கியது. ஸ்பேனர்கள் தரையில் விழுந்தன. முக்குப் பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன், நீளமாக.

பிறகு ஹாரன் நின்றது.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பெடல்களும் மெதுவாக, சோர்ந்த கால்களை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல, மேலே வந்தன.