சீர்க்குடம்

பழைய மின்குடத்தில் இன்னும் முப்பத்தொன்பது மணி நேரத்துக்கான மின்சாரம் இருந்தது. அது தீர்ந்தால் மேலப்பொட்டலின் நன்னீராக்கி நின்றுவிடும். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் அந்த ஒரே பொறியை நம்பித்தான் முந்நூறு வீடுகளிலும் உலை கொதித்தது.

புதிய மின்குடம் லாரியில் வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாளின் அண்ணன் சுடலைமுத்து மேற்கே காற்றாலை வட்டாரத்திலிருந்து கொண்டுவருகிறான். தங்கைக்கு ஆண்டுக்கொரு முறை தரும் பொங்கல் சீர் அது. வேறு வழியில் மின்சாரம் இந்த ஊருக்குள் வர முடியாது.

ஒரு வட்டாரத்தில் விளையும் ஆற்றல் அதன் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் வேண்டுமென்று சாலையில் உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் பேச்சியின் மாமனார் கூரியன். அப்போது இங்கே சீமைக்கருவேலம் காடாக நின்றது. அதை நொதிக்கவைத்து முள்ளெண்ணெய் எடுத்தார்கள். நகரங்கள் அதை உறிஞ்சிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். சட்டம் வந்தது, எண்ணெய் ஊரிலேயே தங்கியது. நம்முடையதுதானே என்று ஊர் தாராளமாக எரித்தது. வெட்டிய வேகத்துக்கு முள்ளாலும் துளிர்க்க முடியவில்லை. வெயில் பிடிக்கும் தகடுகளை வைத்துப் பார்த்தார்கள். உப்புக்காற்று அவற்றைத் தின்றது.

சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் எல்லை தாண்டலாம். மின்சாரத்துக்காகவே பொய்க் கல்யாணங்கள் பெருகியபோது அதற்கும் ஒரு விதி செய்தார்கள். சீர் தரும்போது மாப்பிள்ளையின் நலத்தை அண்ணன் விசாரிப்பது வழக்கம். அந்தக் கேள்வியும் தங்கையின் பதிலும் எல்லைப் பதிவர் முன்னால் குரலறியில் பதிய வேண்டும். குரல் யாருடையது என்று குரலறிக்குத் தெரியும். சொல்வது மெய்யா என்று தெரியாது.

பேச்சியின் கணவன் நாகநாதன் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நன்னீராக்கியின் உறிஞ்சு குழாயில் அடைப்பு எடுக்க இறங்கியவன் உயிரோடு திரும்பவில்லை. ஊரே சேர்ந்து சத்தமில்லாமல் அடக்கம் செய்தது. மேற்கே யாருக்கும் சொல்லவில்லை. பேச்சியின் தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. அழுவதென்றால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் அதை அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

லாரி எல்லையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்ததும் கூரியன் அவளிடம் வந்தார்.

"எம் புள்ளைக்கு நானே இன்னும் வாய்விட்டு அழுகல தாயி. ஒரே வார்த்தைதான். நல்லாருக்காகன்னு சொல்லிரு."

அவள் தலையசைத்தாள். பிறகு கேட்டாள். "அப்புறம் எப்ப மாமா அழுறது?"

"அடுத்த வருசச் சீரும் வரணுமேத்தா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்படியானால் ஆண்டுதோறும் இறந்தவனை நலமாக வைத்திருக்க வேண்டும். அதையும் செய்துவிடலாம் என்றுதான் பேச்சி நினைத்தாள். மூன்று வீடு தள்ளி, பிறந்து நான்கு நாளான குழந்தை இருந்தது. அதைக் குளிப்பாட்டும் தண்ணீரை நினைத்துக்கொண்டாள். நல்லாருக்காக, நல்லாருக்காக என்று அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தாள்.

லாரி நன்னீராக்கியின் முன் வந்து நின்றது. பெயர்தான் குடம், இறக்குவதற்குப் பன்னிரண்டு ஆட்கள் வேண்டும். எல்லையிலிருந்து கூடவே வந்த பதிவர் அம்மாள் குரலறியை மேசையில் வைத்தார். பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சுடலைமுத்து மஞ்சள் பையோடு குதித்து இறங்கினான். மச்சான் எங்கே என்றுதான் முதலில் கேட்டான். இராமேசுவரம் போயிருப்பதாகக் கூரியன் சொன்னார்.

"சீர் வாங்க வெக்கப்பட்டு ஓடிட்டாவளா? போன தடவ எடுத்த சட்டை பத்தலன்னு ஒரு வருசமா என்னைக் கேலி பண்ணுதாவ மாமா. இந்தத் தடவ ரெண்டு அளவு கூட எடுத்திருக்கேன். தொப்பைக்கும் சேத்து."

பையிலிருந்து சட்டையை எடுத்து விரித்து, தன் மார்பில் வைத்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. கூச்சத்தோடு அதை மடித்தான்.

பதிவர் தொடங்கச் சொன்னார். குரலறியில் பச்சை விளக்கு எரிந்தது.

"மச்சான் சொகமா இருக்காவளா, பேச்சி?"

சட்டத்துக்காக அவன் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். பதினோரு நாளில் அவளிடம் யாரும் எதையும் உண்மையாகக் கேட்டிருக்கவில்லை.

ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கு வரை வந்தது. பேச்சி மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்கிறாரா, சொல்லிவிடு என்கிறாரா என்று தெரியவில்லை.

"சட்டைய உள்ள வைங்கண்ணே," என்றாள். "நீங்க சீர் கொண்டாந்திருக்கக் கூடாது. எனக்குக் கோடிச் சேலை கொண்டாந்திருக்கணும். அவிய செத்துப் போயிட்டாவ."