சுற்றிய துணிக்கு ஒப்புதல்

தை பிறந்ததும் கோயமுத்தூரில் பாதிப் பேர் குளிப்பதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் மின்தூக்கியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு மாடியும் பேசாமல் வருவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று நாள்தானே! அது மோப்ப விண்ணப்பக் காலம்.

விலங்கு ஒப்புதல் சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைத் தமிழில் சொல்லும் கருவிக்குப் பிளிறுபெயர்ப்பி என்று பெயர். அதைக் காட்டில் வைத்த முதல் வாரமே யானைகள் கேட்டது, "எங்களைக் கேட்காமல் ஏன் பார்க்கிறீர்கள்?" என்பதுதான். அதற்காகத்தான் இந்தச் சட்டம். அன்றிலிருந்து, நெடுமலைத் தேசிய வனத்தில் ஓர் இரவு தங்கி யானை பார்க்க விரும்புகிறவர் மூன்று நாள் உடுத்திய துணியைத் துவைக்காமல் அனுப்ப வேண்டும். யானைக் கூட்டத்தின் மூத்தவள் மோந்து பார்ப்பாள். பிடித்தால் ஒப்புதல். பிடிக்காவிட்டால் 'விருப்பமில்லை' என்ற முத்திரையோடு துணி வீடு வந்து சேரும்.

சிபாரிசு செல்லாது, பதவி செல்லாது. அதற்காக மனிதன் சும்மா இருப்பானா? யானைக்குப் பிடிக்கிற மாதிரி வியர்ப்பது எப்படி என்று சொல்லித்தர பீளமேட்டில் மட்டும் நான்கு பயிற்சி மையங்கள் இருந்தன. காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்து மேற்பார்வையாளர் நாச்சிமுத்து நான்கிலும் படித்தவர்.

பதினான்கு வருடம் அவர் துணி அனுப்பினார். பதினான்கு முறையும் திரும்பி வந்தது. பாவம், மனுஷர் யானையைப் பற்றிப் படிக்காத ஏடில்லை. நெடுமலைக் கூட்டத்தின் ஏழு யானைகளையும் காதுக் கிழிசலை வைத்தே அடையாளம் சொல்வார். ஒரு யானையையாவது நேரில் பார்க்காமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற ஏக்கம் அவரைச் சோறு தின்னவிடாமல் அரித்தது.

பதினைந்தாவது வருடம், துணி அனுப்ப வன அலுவலகம் தந்த உறை கிழிந்துபோனது. அவசரத்துக்கு, அடுப்படியில் கிடந்த மனைவி தெய்வாத்தாளின் பழைய சேலைத் துண்டில் தன் வேட்டியைச் சுற்றி அனுப்பினார். எட்டாம் நாள் பதில் வந்தது.

'வேட்டிக்கு விருப்பமில்லை. சுற்றிய துணிக்கு ஒப்புதல். துணியை மூத்தவள் திருப்பித் தர மறுக்கிறாள்.'

நாச்சிமுத்து அதை நான்கு முறை படித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

"எனக்கெதுக்குங்க யானை?" என்றாள் தெய்வாத்தாள், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே. "அங்க கொசு புடுங்கும். நீங்களே போயிட்டு வாங்க."

"என்னைய விடமாட்டாங்க புள்ள. உன்னையத்தான் கூப்புட்டிருக்கு. யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை? நீ போயி எனக்காகப் பாத்துட்டு வந்து சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல."

"நான் போயிட்டா ரெண்டு நாளைக்குச் சோறு?"

"அது கெடக்குது போ!"

ஒற்றைக்காலில் நின்று அவளைச் சம்மதிக்க வைத்தார். அடுத்த பதினைந்து நாளும் பாடம் நடந்தது. மூத்தவளுக்குப் பின்னங்காலில் நகம் நான்கா ஐந்தா என்று எண்ண வேண்டும். குட்டி எந்தப் பக்கம் நின்று பால் குடிக்கிறது, இளங்கொம்பனுக்கு எந்தத் தந்தம் அதிகம் தேய்ந்திருக்கிறது, எல்லாம் கவனிக்க வேண்டும். படக்கருவிக்கு அனுமதி இல்லையாதலால் மனதில் பதிய வைக்க வேண்டும். தெய்வாத்தாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்.

வனத்தின் வாயில்வரை துணைக்கு வரலாம். அதற்கு மேல் சுவர். தெய்வாத்தாள் ஆளில்லா வண்டியில் ஏறிக் காட்டுக்குள் போனதும் நாச்சிமுத்து சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். யானைகள் பேசும்போது நிலம் லேசாக அதிரும் என்று படித்திருந்தார். இருட்டும்வரை நின்றும் எறும்பு கடித்ததுதான் மிச்சம். ரெண்டு மைலுக்கு அப்பால் அவை இருக்கின்றன, தன் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. பொறாமை என்று சொன்னாலும் தப்பில்லை.

உள்ளே, நீர்க்குட்டைக்கு மேலிருந்த மரப்பரணில் தெய்வாத்தாள் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தாள். அந்தி சாயும்போது மூங்கில் விலகியது. சத்தமே இல்லாமல் ஏழு யானைகள் வந்து நின்றன. நனைந்த மண்ணும் பச்சைத் தழையும் கலந்த வாடை பரண்வரை ஏறியது. குட்டி தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறியது. "அடி ஆத்தா!" என்றாள் தெய்வாத்தாள். படித்துக்கொண்டு வந்த பாடம் முழுக்க மறந்துபோயிற்று.

தண்ணீர் குடித்து முடித்தும் அவை போகவில்லை. பரணைச் சுற்றி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மூத்தவள் தும்பிக்கையை நீட்டி அவள் கையை, தோளை, பாதத்தை ஒவ்வொன்றாக மோந்தாள். அவசரமே இல்லை.

விடிந்து வண்டி வெளியே வந்ததும் நாச்சிமுத்து ஓடினார்.

"நகம் எத்தன?"

"எண்ணலீங்க."

"தந்தம்? குட்டி எந்தப் பக்கம் நின்னுது?"

"கவனிக்கலீங்க."

"அப்புறம் ராத்திரி முச்சூடும் என்னதான் பாத்தே?"

"அவங்க என்னையப் பாத்தாங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன்." அவள் முகத்தில் என்னவோ இருந்தது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் போய் மரத்தடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் வந்தது. பதினைந்து வருடம்! ஒரு நகத்தைக்கூட எண்ணிக்கொண்டு வரவில்லையே!

அப்போது வன அலுவலர் செவ்வந்தி அவரை வாயிலோர அலுவலகத்துக்குள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, சித்த வந்துட்டுப் போங்க. நாம யானையப் பாத்துட்டு வந்து பேசறோமில்ல, அது மாதிரி யானைகளும் பாத்தவங்களப் பத்திச் சொல்லும். பிளிறுபெயர்ப்பி அதைச் சரியாச் சொல்லுதான்னு பாக்கோணும். அந்த வீட்டு ஆளு ஒருத்தர் படிச்சுட்டு 'சரி', 'தவறு', 'தெரியாது'ன்னு அமுத்தினாப் போதும். நீங்க அவங்ககூட இருக்கறவருதானுங்களே?"

"முப்பத்தியோரு வருசமாங்க!"

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. யானையின் வாய்மொழி! பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, படிக்கவாவது கிடைத்ததே. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தார்.

'இவளுக்கு ஒரு முழங்காலில் வலி. இடது.'

வலி என்று எப்போதோ சொன்னாள். மருந்து வாங்கிக்கொள் என்று சொன்ன ஞாபகம். இடதா வலதா? தெரியாது.

'தனியாக இருக்கும்போது மெல்லப் பாடுகிறாள். நன்றாக இருக்கிறது.'

தெய்வாத்தாளா? பாட்டா? தவறு என்று அழுத்தப் போனவர் நிறுத்திக்கொண்டார். தெரியாது.

'இனிப்பு இவளுக்குப் பிடிக்காது. கொண்டுவந்த பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள்.'

அந்த மைசூர்பாகை வழிக்கு என்று அவர்தான் வாங்கிக் கொடுத்தார். மாசம் தவறாமல் வாங்கிக் கொடுக்கிறார். "சரிங்க" என்று வாங்கிக்கொள்வாள். அவள் தின்று அவர் பார்த்திருக்கிறாரா? தெரியாது.

'இருட்டு என்றால் பயம். பரணின் சுவரில் ஒரு கையை வைத்தபடியே கண்ணயர்ந்தாள்.'

தெரியாது.

'நாங்கள் கிளம்பியபோது அழுதாள். இவ்வளவு நேரம் யாரும் தன்னைப் பார்த்ததில்லை என்றாள்.'

இதற்கு அவர் எதையும் அழுத்தவில்லை. வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் கருவி தானே 'தெரியாது' என்று போட்டுக்கொண்டு, கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னது:

'பதில்கள் ஏற்கப்படவில்லை. இவர் அந்த வீட்டில் வசிப்பவராகத் தெரியவில்லை. வசிக்கும் ஒருவரை அனுப்பவும்.'

செவ்வந்திக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள்.

"மிசினு அப்படித்தானுங்க, மனசுல வச்சுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க யாராச்சும் வந்து சொன்னாலும் பரவாயில்லீங்க."