ஆறு மணிக்கு ஒரு சத்தம்

"இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடற மோட்டார் எதுங்க?"

கேட்டவள் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. குடையின் நுனியில் ஒரு சொட்டு, அவள் இமையின் நுனியில் ஒரு சொட்டு... விழலாமா வேண்டாமா என்று இரண்டும் யோசித்துக்கொண்டிருந்தன.

கார் ஷெட் கதவை ரிமோட்டில் தூக்கி இறக்கும் மோட்டாரை விற்பதும் மாட்டிக்கொடுப்பதும் அவன் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவன் கதவுக்காரன். பதினான்கு வருடத்தில் அவனிடம் வந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: சத்தம் வராதது எது? மாமியாரை எழுப்பாதது, குழந்தையை எழுப்பாதது, நேரம் கழித்து வரும் புருஷனைக் காட்டிக்கொடுக்காதது... சத்தம் வேண்டும் என்று ஒரு ஜீவன் வந்து நின்றதில்லை.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தான். அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று குடும்பமே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த குடும்பம். அங்கே வளர்ந்தவனுக்குத் தெரியாதா? சோபா வாங்க வந்தவர் முதலில் ஸ்டூலைத்தான் விலை கேட்பார். மட்டமானதைக் கேட்டு நிற்பது, நல்லதன் விலையை இறக்கும் வழி.

ஆகவே பெல்ட்டில் ஓடும் மோட்டாரைக் காட்டினான். பொத்தானை அழுத்தினான். மாதிரிக் கதவு பூனை நடப்பதுபோல் ஏறியது. அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. விலையைக் குறைத்தான். மறுபடியும் அதே தலையாட்டல். இன்னும் குறைத்தான். கல்லாவில் இருந்த அண்ணி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கேட்காமலே விலை இறக்கும் கொழுந்தனை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

"நான் பேரம் பேசலைங்க," என்றாள் வந்தவள். "சத்தம் கேக்கறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. இரண்டு முறை இறங்கி வந்தும் மசியாதவளிடம் தோற்க மனசு வரவில்லை.

"சத்தம்தான் வேணும்னா வண்டிக்குப் பின்னால நாலு தகர டப்பாவக் கட்டிக்கலாமே, மேடம். மோட்டார் செலவு மிச்சம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கண்களைச் சரியாகப் பார்த்தான். கருகருவென்ற பெரிய கண்கள்... சண்டைக்கு வந்த கண்கள் இல்லை. பல நாள் தூங்காத கண்கள்.

அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சும் போயிற்று, பார்வையும் போயிற்று. ஊர் முழுக்கக் கண் பார்ப்பவளுக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மிஞ்சியது காது, அதிலும் பாதி. அவர் படுத்திருப்பது ஷெட்டுக்கு நேர் மேலே உள்ள அறை. மாலை ஆறு மணிக்குக் கதவு கிறீச்சிட்டு ஏறும்போது வலது கையைத் தூக்குவார். அவள் படியேறி வந்து பிடித்துக்கொள்ளும் வரைக்கும் அந்தக் கை இறங்காது. போன வாரம் பழைய மோட்டார் எரிந்துபோயிற்று. இப்போது வாசல் வழியாக வருகிறாள். திடீரென்று தொட்டால் அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது, நடுங்குகிறார்.

அவ்வளவுதான் சொன்னாள். அவன் உள்ளே போய், மூலையில் தூசி படிந்து கிடந்த, சங்கிலியில் ஓடும் மோட்டாரைத் தூக்கி வந்தான்.

அவள் போன பிறகு அண்ணி மெல்லச் சொன்னாள்: "அந்த வாயக் கொஞ்ச நாளைக்கு லீவுல அனுப்பு, தம்பி."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில் இருந்தான். கூரையில் தண்டவாளம் மாட்டி, மோட்டாரைத் தொங்கவிட்டு, சங்கிலியை இழுத்துக் கட்டி, கதவோடு கோத்தான். அவள் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்று, எந்தத் திருகு எதற்கு என்று விடாமல் கேட்டாள். திருகு எண்ணத் தெரிந்தவர்களுக்கு மோட்டார் விற்பதில்லை என்று கடையில் போர்டு வைக்கப்போவதாக அவன் சொன்னான். அந்த போர்டைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், அதற்குத் தன் கடைக்கு ஆள் அனுப்பும்படி அவள் சொன்னாள்.

பொத்தானை அழுத்தினாள். சங்கிலி கடகடவென்றது. அதோடு துருப்பிடித்த கீல்களும் உருளைகளும் சேர்ந்து கதறின. அவள் ஓடினாள்... பாதிப் படியில் திரும்பி, வாங்க என்று கை காட்டினாள். மேலே, எலும்பும் தோலுமான ஒரு கை, வெறும் காற்றில் உயர்ந்து நின்றது. அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை அவனிடம் நீட்டினாள். அவனும் பிடித்தான். யாரென்று தெரியாமலே பெரியவர் அழுத்தினார். அவள் சிரித்தாள். அவன் பார்த்த முதல் சிரிப்பு... மழை விட்ட தெருவில் சட்டென்று வெயில் விழுவதுபோல.

ஒன்பதரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். பகலில் ஐந்து மணி வரை பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் வேலைக்கார அம்மாள் மாடியில் இருந்தாள். மிச்ச வேலையை அவன் தனியாக முடித்தான். கதவு எங்கே நிற்க வேண்டும் என்று அளவு வைத்தான். முடிக்கும்போது, பதினான்கு வருடமாக எந்த வீட்டிலும் கடைசியாக என்ன செய்வானோ அதைச் செய்தான். எண்ணெய்க் குப்பியை எடுத்து, கீலுக்கு இரண்டு சொட்டு, உருளைக்கு இரண்டு சொட்டு, சங்கிலிக்கு ஒரு ஓட்டம். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தலை அந்தச் சிரிப்பிலேயே நின்றுகொண்டிருந்தது. கதவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். வெண்ணெயாகப் போயிற்று. திருப்தியாக விசிலடித்துக்கொண்டு கிளம்பினான்.

மாலை ஐந்து மணி. கடையில் கை கழுவினான். எண்ணெய்ப் பிசுக்கு நுரைத்தது... அப்படியே நின்றுவிட்டான்.

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்தான். என்னவென்று சொல்வது? சத்தத்தை வாங்க வந்தவளுக்குச் சத்தத்தை நானே துடைத்துக் கொடுத்துவிட்டேன் என்றா? தொழில் பழகுகிறவன்கூடச் செய்யமாட்டானே. நாளைக் காலையில் ஒரு துணியோடு போய்த் துடைத்துவிட்டால் அவளுக்குத் தெரியவே வேண்டாம். ஒரு நாள்தானே. போனை உள்ளே வைத்தான்.

அன்று மாலை ஆறு மணி வாக்கில் பெரியவர் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனான். கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தான். அவள் ஒரு தடவை கடைக்கு போன் செய்தாள். தான் இல்லையென்று சொல்லச் சொன்னான். இரண்டு மாதம் இப்படியே ஓடிற்று. அந்தத் தெருப் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை. மூன்றை எட்டு என்று படித்து, ஒரு வீட்டுக்கு அளவு தப்பின கதவைக் கொண்டுபோய் இறக்கியதோடு அண்ணியின் பொறுமை முடிந்தது. கண்ணைக் காட்டு, அதுவும் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே காட்டு, வேறு கடைக்குப் போனால் வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

சின்ன இருட்டறை. முகவாயை மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வைத்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கருவிதான் தூரம். எதிராளி முகத்தைப் பார்த்து எந்த விலையையும் கூசாமல் சொல்லிப் பழகியவன்... இங்கே முகத்தைத் திருப்ப வழியில்லை. வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது.

"அசையாதீங்க. நேராப் பாருங்க."

"அன்னைக்கு கதவுக்கு எண்ணெய் போட்டது நான்தான்," என்றான்.

"தெரியும். வேற யார் போட்டிருப்பா? அது உங்க கை பழக்கம்." அவள் குரலில் கோபமில்லை. "அடுத்த கண்ணு."

வியாபாரி என்றால் இந்த இடத்தில் எழுந்துவிட வேண்டும். கிடைத்த மன்னிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் தெருவில் இறங்கிவிட வேண்டும். அவன் உட்கார்ந்திருந்தான்.

"அது மட்டும் இல்ல. அஞ்சு மணிக்கே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா நீங்க வெளிய நின்னு ஹாரனாவது அடிச்சிருப்பீங்க. பண்ணல... காலைல என்னப் பாத்து சிரிச்சீங்க. அதக் கெடுத்துக்க மனசு வரல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

வெளிச்சம் அணைந்தது. எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தான்.

"நான் ஆறு மணிக்கே வந்துட்டேன்," என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"கதவு சத்தமில்லாம ஏறிச்சு. அப்பாவுக்குக் கேட்டிருக்காதுன்னு அந்த நிமிஷமே தெரியும் எனக்கு. எறங்கி ஓடியிருக்கணும்... ஓடல. வண்டிலயே உக்காந்துட்டேன். நீங்க அவர் கையப் பிடிச்சுட்டு முழிச்சுட்டு நின்னீங்களே, அத நெனச்சு சிரிச்சுட்டு இருந்தேன். பத்து நிமிஷம். மேல போனப்ப அந்தக் கை சூடாத்தான் இருந்துச்சு."

அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலை ஒட்டவைக்க அவள் முயலவில்லை.

"இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச நாளும் அதுதான். அப்பா போன நாளும் அதுதான். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முயற்சி பண்றேன்... முடியல."

"பிரிக்க வேணாம்," என்றான் அவன். "எனக்கும் அதே நாள்தான். சேத்தே வெச்சுக்கலாம்... நீங்க பாதி, நான் பாதி."

வெளியே யாரோ கதவைத் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள்.

"கண்ல தண்ணி இருந்தா பவர் சரியாக் காட்டாது," என்றாள் அவள், அவனிடம். "உக்காருங்க. அடங்கட்டும்."

யாருடைய கண்ணில் என்று அவள் சொல்லவில்லை. அவன் முகவாயை மேடையிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.